நாளை மாலை ஏழு வரை

சாந்த்ராகாச்சி, ஹவுரா
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்ராம் எழுதுவது. இங்கு நானும் மாதவியும் சுகம். அங்கே உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் திதியன்று போனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு, இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று நீ விதித்தாய். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பது உன் வாதம். ஒத்துக்கொள்கிறேன். எழுத்தில் பதிலே சொல்லாமலும் இருக்கலாம் என்பதை மட்டும் நீ யோசிக்கவில்லை.

உன்னை அங்கே தனியாக விட்டுவிட்டு மாமா நல்லபடியாக வந்து சேர்ந்தார். ஹவுரா ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சும்மா ரப்பரை வெச்சு அமுக்கியிருக்கானுங்க மாப்ளே, ஒரு மழைக்குத் தாங்காது” என்றார். அதற்குப் பிறகுதான் என்னை நலம் விசாரித்தார். கரூரில் முப்பது வருஷம் பஸ் பாடிக்குக் கண்ணாடி மாட்டிய கை. அங்கே பட்டறையை மூடினால் என்ன, மச்சினன் பட்டறை திறந்திருக்கிறது. மாடியிலேயே அவருக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்துவிட்டேன்.

என் தொழில் என்ன என்று உன் அச்சகத்தில் கேட்கிறார்கள் என்றாயே, இப்படிச் சொல். நியூ டவுனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு இத்தாலி கார் அல்லது ஜெர்மனி கார். ஞாயிற்றுக்கிழமை காலை கோனா எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகளுக்குப் பின்னால் வேகமாகப் போவார்கள். லாரிச் சக்கரம் ஒரு கல்லைத் தெறிக்கும். முன்கண்ணாடியில் கடுகளவு புள்ளி விழும். அது விழாமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டுவது நம் முதல் வேலை. மீறி விழுந்தால் பிசின் விட்டு அடைப்பது இரண்டாவது. அதையும் மீறி விரிசல் ஓடினால் கண்ணாடியையே மாற்றுவது மூன்றாவது. லாரிக்குப் பின்னால் வேகமாகப் போகாமலிருப்பது என்று நான்காவதாக ஒரு வழி உண்டு. அதை நாம் செய்து தருவதில்லை.

இன்னொரு சந்தோஷம். கல்கத்தா லேக் வட்டாரத் தமிழர் மன்றத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தலைவர் சுந்தரராஜன் சார், மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. மன்றத்தில் அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. காகிதங்களை நான் வாசித்துக் காட்டுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர்.

உன் தம்பி,
ஜெய்ராம்


கரூர்
1 ஜூலை 2024

தம்பி ஜெய்ராமுக்கு ஆசிகள்.

முழங்கால் அதே இடத்தில் இருக்கிறது. வலியும் அப்படியே. டாக்டர் மூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார். உன் தொழிலில் மூன்றாவது வழி எதுவோ அது. தீபாவளிக்கு அவர் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மாதவிக்கு என் அன்பு. அச்சகத்தில் ஆவணிக் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்துவிட்டன. நாள் முழுக்க லென்ஸும் கையுமாகப் புரூஃப் பார்க்கிறேன்.

உன் மாமாவைப் பற்றி உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். போனில் “நல்லா இருக்கேன்” என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது. பேச்சையெல்லாம் டேப்பில் எழுதிவிடுகிறவர். கண்ணாடி ஏற்றியதும் நீல டேப் ஒட்டி, பசை தடவிய நேரத்தையும் எப்போது வரை தொடக்கூடாது என்பதையும் எழுதுவார். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லி மாவுப் பாத்திரம், மருந்து பாட்டில் என்று எல்லாவற்றிலும் டேப். ஊருக்குக் கிளம்பும் முன் ஊறுகாய் போட்டு, “வெள்ளி வரை திறக்காதே” என்று ஒட்டிவிட்டுப் போனார். அந்த வெள்ளி போய் மாதமாகிறது. நான் இன்னும் திறக்கவில்லை.

அவர் ஒரு நாள் என்று எழுதினால் ஒரு நாள்தான். இங்கே முதலாளி ஒருமுறை அரை நாள் குறைக்கச் சொன்னதற்கு, பஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். உன்னிடம் அப்படிச் செய்ய மாட்டார். நீ மச்சினன். அதுதான் எனக்குக் கவலை.

தீபாவளிக்கு அவரை அனுப்பிவை.

அக்கா,
பாகீரதி


சாந்த்ராகாச்சி
17 செப்டம்பர் 2024, நண்பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க இன்று விஸ்வகர்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பூஜோ முடிந்த கையோடு எழுதுகிறேன். ஹவுரா முழுக்க இன்று ஒரு ஸ்பேனர்கூட அசையாது. கருவிகளெல்லாம் சாமிக்கு முன்னால், ஆட்களெல்லாம் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டு. பூஜோவில் பூசணிக்காய் உடைக்கும் பட்டறை இந்தச் சாலையிலேயே நம்முடையதுதான். பூஜை செய்ய வரும் பட்டாச்சார்யா மஷாய்க்கு வருஷா வருஷம் அது வேடிக்கை. “காய்கறி மேலே உங்களுக்கு என்ன கோபம், ஜெய்ராம்பாபு?” என்றார்.

கிளப்பின் தலைவன் ரஞ்சன் என்று ஒரு பையன். அவன் அப்பாவுக்கு இங்கே இரும்பு வார்ப்பாலை. அவனுடைய மஞ்சள் காருக்கு இத்தாலியிலிருந்து முன்கண்ணாடி வர நாலு மாதம் ஆயிற்று. இன்று பதினொரு மணிக்கு ஆலை பூஜோவில் வண்டி நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இன்று கருவியைத் தொடக்கூடாது என்பதால் மாமா நேற்று மாலையே கண்ணாடியை ஏற்றிவிட்டார். இந்த ஒரு வண்டி சரியாகப் போனால் மீதிப் பதினோரு வண்டியும் நம்மிடம் வரும் என்று ரஞ்சன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

மாமாவைக் காலை எட்டு மணிக்கே மாதவியோடு தக்ஷிணேஸ்வரம் அனுப்பிவிட்டேன். வந்து மூன்று மாதமாகிறது, ஒரு கோயில் பார்க்கவில்லை. “வண்டி நிக்குதே மாப்ளே, பக்கத்திலே ஆள் இருக்கணுமே” என்றார். “சாமியே பக்கத்துல இருக்காரு மாமா, போய்ட்டு வாங்க” என்று படகு ஏற்றிவிட்டேன்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். எதிர்க்கடை ஸ்டூடியோ ரமேஷ்பாபு எடுத்து, உடனே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். முதல் படத்தில் வண்டியில் சாய்ந்து நிற்பது நான். இரண்டாவது, டேப்பையெல்லாம் எடுத்துவிட்டுச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்ட பிறகு. “கல்யாணப் பொண்ணு மூஞ்சியிலே பிளாஸ்திரியா, ஜெய்ராம்தா?” என்று கேட்டான் ரஞ்சன். நியாயம்தானே.

பட்டாச்சார்யாவுக்கு இன்று பதினான்கு பட்டறை. ரிக்‌ஷாவில் போனால் இருட்டிவிடும் என்று ரஞ்சன் அவரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டான். “என்னப்பா இது, தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கு!” என்று குழந்தைபோலச் சிரித்தார். மணிக்கணக்காக வெயிலில் நின்ற களைப்புக்கு இனி பிரசாதக் கிச்சுடிதான். உறையை ஒட்டித் தபாலில் போட ரமேஷ்பாபு பக்கத்திலேயே நிற்கிறார். போன் அடிக்கிறது. மீதி பிறகு.

ஜெய்ராம்


கரூர்
30 செப்டம்பர் 2024

தம்பி ஜெய்ராமுக்கு,

நலம். நலமென்று நீ எழுதியதையும் படித்தேன்.

படங்களை முகம் பார்க்கும் கண்ணாடியில் சொருகி வைத்திருக்கிறேன். முதல் படத்தில் உன் தோளுக்குப் பக்கத்தில் நீல டேப் தெரிகிறது. பூச்சி ஊர்ந்தது மாதிரி ஒரு வரி. எழுத்து புரியாவிட்டாலும் கை யாருடையது என்று தெரிகிறது. அவரே வந்து எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

மீதி பிறகு என்று முடித்திருந்தாய். அந்த மீதி இன்னும் வரவில்லை. போனில் யார்? உன் மாமா இப்போதெல்லாம் “நல்லா இருக்கேன்” என்பதில் “நல்லா”வை விட்டுவிட்டார். “இருக்கேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார். தக்ஷிணேஸ்வரம் எப்படி இருந்தது என்றால், “படகு நல்லா இருந்துச்சு” என்கிறார்.

அவர் உடம்புக்கு என்ன? எழுது.

பாகீரதி


சாந்த்ராகாச்சி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். துர்கா பூஜோ அமர்க்களத்தில் தாமதமாகிவிட்டது. இந்த முறை நம் தெருப் பந்தலை ஒரு பனிமலை மாதிரி கட்டியிருந்தார்கள். மழை பெய்து மலை கரைந்தது. மன்றத்தின் கொலுவும் சிறப்பாக நடந்தது.

மாமாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. சிலிகுரியில் ஒரு பெரிய வேலை, அங்கே அனுப்பியிருக்கிறேன். மலையடிவாரம், சிக்னல் கிடைக்காது. தீபாவளிக்கு வருவது சந்தேகம்.

ரஞ்சன் வண்டிக்கு அன்று வழியில் சிறு இடைஞ்சல். காப்பீட்டுக்காரர்களுக்காக மாமா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இங்கிலீஷில் இருந்தது. கவலைப்படாதே, நான் வாசித்துக் காட்டினேன்.

அந்த முதல் படத்தில் நான் ரொம்பக் குண்டாகத் தெரிகிறேன் என்று மாதவி சொல்கிறாள். வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வேறு வைத்திருக்கிறாய். கிழித்துப் போட்டுவிடு. இரண்டாவது இருக்கட்டும், அதில் மாலை நன்றாக விழுந்திருக்கிறது.

ஜெய்ராம்


கரூர்
4 நவம்பர் 2024

தம்பி ஜெய்ராமுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நம்புவதாக எழுதியிருந்தாய். வரும் பதினொன்றாம் தேதி முழங்காலை மாற்றுகிறார்கள். தீபாவளிக்கு அவர் வரவில்லை. இனியும் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் கமலம் துணைக்கு இருப்பாள்.

நீ எட்டாவது படிக்கும்போதிருந்தே குண்டுதான். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு படத்தைக் கிழிக்கச் சொல்ல அது காரணமாகாது. அதனால் படத்தை எடுத்து லென்ஸின் கீழ் வைத்தேன். புரூஃப் பார்க்கிறவளிடம் ஒரு காகிதத்தைப் பார்க்காதே என்று சொல்லக்கூடாது, ஜெய்ராம்.

டேப்பில் உள்ளது இது: “பசை 16 மாலை 7. நாளை மாலை 7 வரை வண்டியை எடுக்காதே. ம.” உனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் ஒன்பது பத்து காட்டுகிறது. அதாவது பதினான்கு மணி நேரம். உன் வலது கை டேப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. முகம் அதன் பக்கம் திரும்பியிருக்கிறது. அடுத்த படத்தில் அதே இடத்தில் சந்தனப் பொட்டு. பசை ஈரமாக இருந்த இடத்துக்கு நீ குங்குமம் வைத்திருக்கிறாய்.

எனக்கு இரண்டு கேள்வி. பட்டாச்சார்யா மஷாய் அன்று பதினான்கு பட்டறையையும் முடித்தாரா? உன் பட்டறையில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உன் மாமா ஒருவர். இன்னொருவர் பெயரை எழுது.

பாகீரதி


கரூர்
26 நவம்பர் 2024

ஜெய்ராமுக்கு,

கால் தேறி வருகிறது. நீ பதில் எழுதாததால் என் விதியை நானே மீறி, பட்டறைக்குப் போன் செய்தேன். எடுத்தவருக்கு நான் யாரென்று தெரியாது. மஹாதேவன் இருக்கிறாரா என்று பெங்காலியில் கேட்டேன். “மஹாதேவன்தா ஜெயிலில், ஒரு மாசமாச்சே தீதி” என்றார். பாவம், நல்லவிதமாகத்தான் சொன்னார். அங்கிருந்து இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருஷமாகியும் எனக்குப் பெங்காலி மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பாகீரதி


சாந்த்ராகாச்சி
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கால் தேறுவது அறிந்து மகிழ்ச்சி. ஆபரேஷன் நேரத்தில் உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. அதை நீ புரிந்துகொள்வாய்.

நடந்தது இதுதான். எக்ஸ்பிரஸ்வேயில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. ரஞ்சன் பிரேக் போட்டும் போய் முட்டினான். பக்கத்து இருக்கையின் காற்றுப்பை விரிந்தது. அது முன்கண்ணாடியில் சாய்ந்துதான் விரியும், அதுதான் அமைப்பு. கண்ணாடி தாங்கவில்லை, முழுசாக வெளியே போய்விட்டது. தாங்க எதுவும் இல்லாமல் பட்டாச்சார்யாவும் அதோடு வெளியே போய் விழுந்தார். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். ரஞ்சனுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு.

ரஞ்சனின் வக்கீல் கேட்பது ஒரே கேள்வி. கார் தன் வேலையைச் செய்தது, கண்ணாடி ஏன் செய்யவில்லை? கண்ணாடியை ஏற்றியவர் மாமா. வண்டி தயார் என்று பதினாறாம் தேதியே தான் சொன்னதாக அந்தக் காகிதத்தில் மாமா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது காப்பீட்டுக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். போலீஸ் அதை வாங்கிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? மாமா மேல் யாருக்கும் கோபம் இல்லை. பெருந்தன்மையோடு நடந்துகொண்டார் என்று ரஞ்சனின் அப்பாவே சொன்னார்.

ஜாமீனுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் நிற்க வேண்டும். நான் நிற்கலாமா என்று கேட்டேன். நான் சாட்சி, சாட்சி நிற்பது முறையல்ல என்றார் வக்கீல். ரஞ்சனின் வக்கீல்தான், ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

நீ நினைப்பதுபோல் நான் இங்கே நிம்மதியாக இல்லை. பட்டறையை நம்பி ஒன்பது குடும்பம் இருக்கிறது. நான் உள்ளே போனால் ஷட்டர் இறங்கிவிடும். மாமாவுக்கு அப்படி யாரும் இல்லை, நீ மட்டும்தான். அன்றிலிருந்து எனக்குக் கிச்சுடி தொண்டையில் இறங்குவதில்லை. மாதவி என்னிடம் பேசுவதும் குறைந்துவிட்டது.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. படத்தைக் கிழித்துவிட்டாய் அல்லவா?

ஜெய்ராம்


கரூர்
21 டிசம்பர் 2024

ஜெய்ராமுக்கு,

கிழிக்கவில்லை. விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். டேப்பில் உள்ளதைப் பெங்காலியிலும் இங்கிலீஷிலும் எழுதி இணைத்திருக்கிறேன். படத்தின் இன்னொரு பிரதி ரமேஷ்பாபுவிடம் இருக்கிறது. போனில் கேட்டேன், பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார்.

“எனக்கு யாரும் இல்லை, நான் உள்ளே போகிறேன்” என்று அவரே சொல்லியிருந்தால், அது பெருந்தன்மை. அவருக்கு யாரும் இல்லை என்று நீ சொல்வதற்கு வேறு பெயர். அச்சகத்தில் அந்த மாதிரி வார்த்தைகளை நாங்கள் கோர்ப்பதில்லை.

டாக்டர் எட்டு வாரம் ரயில் ஏறக்கூடாது என்கிறார். பார், எனக்கும் ஒரு கெடு எழுதியிருக்கிறார்கள். உள்ளே எலும்பு பிடிக்க அவ்வளவு நாள் ஆகுமாம். இங்கே யாரும் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குங்குமம் வைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சாட்சிக்கு உடம்பு முக்கியம்.

பாகீரதி


சாந்த்ராகாச்சி
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். உன் கால் நன்றாகிவிட்டிருக்கும். மன்றத்தின் பொங்கல் விழா லேக் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஐந்து பானை வைத்தோம், நாலு பொங்கியது. தமிழர் ஒற்றுமை பற்றிச் சுந்தரராஜன் சார் இருபது நிமிஷம் பேசினார். அவருக்காகப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நீ அனுப்பிய படம் கிடைத்ததாக அதிகாரி சொன்னார். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி செய்த மொழிபெயர்ப்பை ஏற்க முடியாதாம். சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு சான்று தர வேண்டும். கல்கத்தாவில் தமிழுக்கு எந்த அமைப்பு என்று விசாரித்து, எங்கள் மன்றத் தலைவருக்கு எழுதிவிட்டார்கள். தலைவருக்குப் படிக்க வராது என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். நான் வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

“ஸ்ரீ விஸ்வகர்மா துணை. வண்டி நல்லபடி ஓடட்டும்” என்பதாகச் சான்று போயிருக்கிறது. எண்கள் ஏன் இருக்கின்றன என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். எங்கள் பக்கம் நல்ல நேரம் குறித்துக்கொண்டுதான் பசையே தடவுவார்கள் என்று மன்றம் விளக்கம் எழுதியது. அதிகாரிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. “இவ்வளவு பக்தியுள்ள ஆளா!” என்றாராம். தண்டனை வரும்போது அது மாமாவுக்கு அனுகூலமாக இருக்கும் என்று வக்கீல் சொல்கிறார்.

நீ எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்பா அம்மா போன பிறகு நமக்கு நாம்தான் இருக்கிறோம்.

உன் தம்பி,
ஜெய்ராம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மாமாவிடம் நேரில் காட்டும் சந்தர்ப்பம் உனக்கு வந்தால், என் நமஸ்காரத்தைச் சொல்.


ஹவுரா
9 பிப்ரவரி 2025

ஜெய்ராமுக்கு,

இந்த முறை நான் நலம் விசாரிக்கவில்லை. ரமேஷ்பாபுவின் ஸ்டூடியோ மாடியில் தங்கியிருக்கிறேன். நீ நலமாக இருப்பது ஜன்னலில் தெரிகிறது. நேற்று ஒரு பச்சைக் கார் வந்தது, இன்று ஒரு வெள்ளை. மீதிப் பதினொன்றும் வந்து முடிய மார்ச் ஆகும் என்று நினைக்கிறேன்.

ஜாமீனுக்கு நிற்க ரமேஷ்பாபு முன்வந்திருக்கிறார். அவர் பெங்காலிக்காரர், நமக்கு உறவில்லை, அதனால் முறையில் சிக்கல் இல்லை. வேறு மொழிபெயர்ப்பு கேட்டு என் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். விசாரணைக்கு ஏப்ரலில் தேதி. உன் கடிதங்களையும் கொடுக்கலாமே என்றேன். கொடுக்கலாம், ஆனால் அவையும் தமிழில் இருக்கின்றன, முதலில் உங்கள் மன்றத்துக்குத்தான் போகும் என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பட்டாச்சார்யா மஷாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். உங்கள் பட்டறையில் பூசணிக்காய் உடைப்பதைப் பற்றி அவர் வருஷா வருஷம் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாராம். நீங்கள் யார் என்று கேட்டார். கண்ணாடி மாட்டியவரின் மனைவி என்றேன். என் கோப்பையை எடுத்துக்கொண்டு, இன்னொரு டீ வேண்டுமா என்றார்.

நேற்று உன் மாமாவைப் பார்க்க விட்டார்கள். நடுவில் இரட்டைக் கம்பி வலை. மெலிந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி உடைந்து நூல் கட்டியிருக்கிறது. என் காலைப் பார்த்துவிட்டு, “எத்தனை வாரம் சொன்னாங்க?” என்றுதான் முதலில் கேட்டார். எட்டு என்றேன். “எட்டும் ஆயிருச்சா?” என்றார். ஆயிற்று என்றதும்தான் உட்காரச் சொன்னார்.

“மாப்ளே ஏதும் எழுதினானா?” என்றார். உன் ஜனவரிக் கடிதம் என் பையில் இருந்தது. காகிதத்தை உள்ளே கொடுக்கக்கூடாது, வேண்டுமானால் வாசித்துக் காட்டுங்கள் என்றார் காவலர்.

வாசித்துக் காட்டினேன். உன் முறைப்படியே வாசித்தேன். இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை வாசித்தேன். ஐந்து பானையையும் முத்திரையையும் விஸ்வகர்மாவையும் தாண்டி, “டேப்பில் இருந்ததைப் படித்தேன் மாமா. படித்துவிட்டுத்தான் பிய்த்தேன். அது தெரிந்துதான் உங்களைப் படகில் அனுப்பினேன். அதிகாரியிடம் போய்ச் சொல்லப் போகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்” என்று வாசித்தேன். குரல் தடுமாறவில்லை. நம் வீட்டில் இந்தத் திறமை உனக்கு மட்டும்தான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார். “பயந்திருப்பான் புள்ள. நம்மகிட்டே சொல்லிட்டானே, அது போதும். நீ அவன் மேலே கோபப்படாதே, பாகீ” என்றார். “அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனானாமா?” என்றும் கேட்டார். அடுத்த பக்கத்தில் தேடுவதுபோல் காகிதத்தைத் திருப்பினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தார். வெளியில் யாராவது கேட்டால் இதைச் சொல் என்று ஒன்று சொன்னார். நீ எழுதாத கடிதத்துக்கு அவர் அனுப்பிய பதில் அது, அதனால் உனக்கே எழுதுகிறேன். செப்டம்பருக்குப் பிறகு இரண்டு வார்த்தையையும் சேர்த்து அவர் சொன்னது இதுதான் முதல் முறை.

“நல்லா இருக்கேன்.”

பாகீரதி